பைக் ஹேண்டில் பாரை வீட்டிலேயே மாற்றியவர்கள் வாங்க: எங்கே இழுக்கும், எங்கே இடிக்கும்? (ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

பழைய புல்லட்

பார் ஆர்டர் போடுவதற்கு முன்னால் கிளாம்பு (பாரை வண்டியோடு இறுக்கும் பிடி) பிடிக்கும் இடத்தின் தடிமனை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துவிடுங்கள். ஸ்ப்ளெண்டர், பழைய கிளாசிக் 350 மாதிரி நம்மூர் வண்டிகளில் பெரும்பாலும் 22.2 மி.மீ. ஹார்லி வகைக்கு 25.4. ஃபேட் பார் என்று விற்பது நடுவில் 28.6, கைப்பிடிப் பக்கம் 22.2. அதற்கு கிளாம்பும் சேர்த்து வாங்கணும். இருக்கிற கிளாம்பையே லேத்தில் கடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். சுவர் மெலிந்துபோய் போல்ட்டு இறுக்கும்போதே விட்டுவிடும்.

பாரைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, நாலு போல்ட்டு வேலை. வயரும் ஹோஸும்தான் தீர்மானிக்கும். பழைய பார் வண்டியில் இருக்கும்போதே ஹேண்டிலை முழுக்க இடது, முழுக்க வலது திருப்பி கிளட்ச் வயர், ஆக்சிலேட்டர் வயர், டிஸ்க் ஹோஸ் ஒவ்வொன்றிலும் எவ்வளவு தொய்வு மிச்சம் என்று பாருங்கள். 25 மி.மீ. வரை உயர்த்தினால் வயர் போகும் வழியைக் கொஞ்சம் மாற்றினாலே பெரும்பாலும் சமாளித்துவிடலாம். 50 தாண்டினால் மூன்றுக்கும் நீளமானது வாங்குவதாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதே எஞ்சினில் உயரமான பார் உள்ள மாடல் கம்பெனியே விற்றால் அதன் வயர்தான் முதல் தேர்வு.

கழற்றும்போது டேங்க் மேல் கெட்டித் துணி போடுங்கள். மாஸ்டர் சிலிண்டரை (பிரேக் லிவரோடு இருக்கும், ஆயிலைத் தள்ளும் பகுதி) ஹோஸோடு சேர்த்தே எடுத்து, நிமிர்ந்த நிலையில் கயிறு போட்டுக் கட்டி வையுங்கள். தலைகீழாகத் தொங்கவிட்டால் உள்ளே காற்று ஏறிவிடும். பிரேக் ஆயில் பெயிண்டில் சிந்தினால் துடைத்தால் மட்டும் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவணும்.

ஸ்விட்ச் பாக்ஸ்

பழைய புல்லட் அண்ணன் விட்ட ஒன்று: ஸ்விட்ச் பெட்டிக்குள் சின்னதாக ஒரு பின் இருக்கும், அது பாரில் உள்ள ஓட்டையில் உட்கார்ந்தால்தான் பெட்டி சுழலாது. புதுப் பாரில் பெரும்பாலும் ஓட்டை இருக்காது. சோம்பல்பட்டு பின்னை ராவி எறிந்துவிடுகிறார்கள். இடது பக்கம் அப்படிச் செய்தால் எரிச்சல் மட்டும்தான். வலது பக்கம் ஆக்சிலேட்டரைத் திருகும்போது பெட்டியே கூடச் சுழலும், வயர் இழுபடும்.

ஓட்டை போடுவது கஷ்டமில்லை. வண்டியில் உட்கார்ந்து லிவர், ஸ்விட்ச் எல்லாம் கைக்கு வாகாக வைத்தபிறகு, பின் நுனியில் கொஞ்சம் பெயிண்ட் தொட்டு பாரில் அழுத்துங்கள். அந்தப் புள்ளியில் சென்டர் பஞ்ச், பிறகு 3 மி.மீ. பிட், கடைசியாகப் பின்னின் தடிமனுக்கு ஏற்ற பிட், பெரும்பாலும் 5. பிசிறை ராவிவிடுங்கள். இடம் தப்பிவிட்டதென்று பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை போட்டால், அலுமினியப் பார் அந்த இடத்தில்தான் விரிசல் விடும்.

டிஸ்க் பிரேக்

லிவர் மாற்றுகிறவர்களுக்காகக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது.

மாஸ்டர் சிலிண்டருக்குள், ஆயில் கிண்ணத்தின் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் இருக்கிறது. லிவரை விட்டதும் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்து அந்தத் துவாரத்தைத் திறந்துவிடணும். பிரேக் சூட்டில் ஆயில் விரியும்போது மிச்ச அழுத்தம் அது வழியாகத்தான் கிண்ணத்துக்குத் திரும்பும். வண்டிக் கம்பெனி அல்லாத, வெளியே விற்கும் சில ஆஃப்டர் மார்க்கெட் லிவர்களில் பிஸ்டனைத் தள்ளும் மூக்கு அரை மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். துவாரம் எப்போதும் மூடியே கிடக்கும். வீட்டு வாசலில் சக்கரம் நன்றாகவே சுற்றும். பத்து கிலோமீட்டர் ஓடி டிஸ்க் சூடானதும் ஆயில் விரிந்து, போக வழியில்லாமல் பேடை அழுத்தும். அது இன்னும் சூடாக்கும். கடைசியில் முன்சக்கரம் பிடித்துக்கொள்ளும். ஆறினால் தானாக விட்டுவிடுவதால் மெக்கானிக்கிடம் போகும்போது ஒன்றுமே தெரியாது.

சோதிப்பது எளிது. கிண்ணத்தின் மூடியைத் திறந்து, லிவரை மெதுவாக, கொஞ்சமே கொஞ்சம் அமுக்குங்கள். அமுக்கத் தொடங்கியதும் ஆயில் மேல்பரப்பில் ஒரு சின்னக் குமிழ்ப்பு எழும்ப வேண்டும். வேகமாக அமுக்கினால் முகத்திலேயே பீச்சும், ஜாக்கிரதை. குமிழ்ப்பே இல்லையென்றால் லிவரின் மூக்கைச் சந்தேகப்படுங்கள். லிவர் சுழலும் பிவட் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலும் லிவர் முழுக்கத் திரும்பாமல் இதே கோளாறு வரும்.

நீள ஹோஸ் போட்டால் பான்ஜோ போல்ட்டின் (ஹோஸ் முனையை மாட்டும், உள்ளே ஆயில் போக ஓட்டையுள்ள போல்ட்டு) இரு பக்கமும் வாஷர் புதிது போடணும். M10 (10 மி.மீ.) போல்ட்டில் 1.0, 1.25 மி.மீ. என்று இரண்டு பிட்ச், அதாவது மரை இடைவெளி, உண்டு. மூன்று நாலு மரை கையாலேயே ஏறாவிட்டால் அது வேறு பிட்ச், ஸ்பானரைத் தொடாதீர்கள். கிண்ணத்தின் மூடியில் DOT 4 என்று பிரேக் ஆயில் வகை போட்டிருந்தால் அதே, DOT 5 வேறு சாதி, கலக்கக் கூடாது. ப்ளீடிங்கில் (ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றுவது) கீழே சக்கரத்தின் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரில் எத்தனை தடவை திறந்தாலும் லிவர் பஞ்சு மாதிரியே இருந்தால், காற்று மேலே பான்ஜோ வளைவில் நிற்கிறது. ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பி, ஹோஸைத் தட்டிக்கொண்டே லிவரை நுனி அளவுக்கு மட்டும் அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழி கிண்ணத்துக்கு வந்துவிடும்.

மாஸ்டர் சிலிண்டர் கிளாம்பில் UP என்று அம்புக்குறி இருக்கும். அது மேலே பார்க்க, மேல் போல்ட்டை முதலில் முழுக்க இறுக்கி, பிறகு கீழ் போல்ட்டு.

கஃபே ரேசர் பிரியன்

கிளிப்-ஆன் (ஃபோர்க் குழாயிலேயே நேராக மாட்டும் தாழ்வான பார்) போட நினைப்பவர்களுக்கு: பழைய கிளாசிக்கில் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய், 35 மி.மீ., 2021க்குப் பிறகான கிளாசிக்கில் 41. பார்த்து வாங்குங்க ப்ரோ. முழுக்கத் திருப்பும்போது கட்டை விரல் டேங்குக்கும் பாருக்கும் நடுவே நசுங்கும் அளவுக்கு இறங்கினால் அது வேலைக்காகாது. அப்புறம், ஆர்டிஓ பிடிப்பாங்களா?

பழைய புல்லட்

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 மாற்றங்களைப் பற்றியது, 182ஏ(4)-ல் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஹேண்டில் பார் மாற்றியதற்காக எல்லா அதிகாரிகளும் பிடிப்பதில்லை, கண்ணாடி இல்லாத வண்டியைப் பிடிப்பார்கள். 15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கும்போது கேள்வி வரலாம் தம்பி, பழைய பாரைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க.

கார்புரேட்டர்

ஆக்சிலேட்டர் பக்கம் யாரும் தொடவில்லை. கிரிப் விளிம்பில் அளந்தால் 2 முதல் 6 மி.மீ. வரை வெற்று ஆட்டம் இருக்கணும். இரண்டு வயர் உள்ள வண்டியில் முதலில் திரும்பு வயரைத் தளர்த்திவிட்டு இழு வயரைச் சரிசெய்யுங்கள். கிளட்சுக்கு லிவர் நுனியில் ஹோண்டாவில் 10 முதல் 20, புல்லட் வகைக்கு மேனுவல் பார்த்து வையுங்கள், இதைவிடக் குறைவு.

முடித்ததும் சென்டர் ஸ்டாண்டு, நியூட்ரல், எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு ஹேண்டிலை முழுக்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள். சத்தம் துளி ஏறினாலும் வயர் இழுபடுகிறது. அதோடு ரோட்டில் இறக்கினால் யூ-டர்ன் போடும்போது வண்டி தானாகப் பாயும்.

பார்-எண்டு வெயிட் (பார் நுனியில் மாட்டும் எடை) போட்டால் கிரிப்புக்கும் அதற்கும் நடுவே 1 அல்லது 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். உரசினால் ஆக்சிலேட்டர் சட்டென்று திரும்பாது. கிரிப் ஏற்ற எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், ஹேர் ஸ்பிரே அடித்து ஏற்றினால் காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும்.