வெட்டிவேரியாவா, கிரைசோபோகனா? லேபிளில் எதை எழுதுவது?

வேர்ப்பித்து:
ஹெர்பேரியம் ஷீட் (உலர்த்திய செடியை ஒட்டிப் பேர் எழுதி வைக்கும் தாள்) ஒன்று தயார் செய்கிறேன், செடி வெட்டிவேர். பழைய புத்தகத்தில் வெட்டிவேரியா ஸிஸனாய்டிஸ் என்று இருக்கிறது, இப்போதைய பட்டியல்களில் கிரைசோபோகன் ஸிஸனாய்டிஸ். இரண்டும் ஒன்றுதானா? தமிழிலிருந்து போன பேரை எதற்காகத் தூக்கினார்கள்?

சிறுகதிர்:
ஒரே செடிதான். கிரைசோபோகன் என்றே எழுதுங்கள், பழைய பேரை இணைப்பெயராக (அதே செடியின் இன்னொரு அறிவியல் பேர், synonym) கீழே போட்டால் போதும். இந்தப் புல் பேர் மாறுவது இது முதல் தடவையும் இல்லை: 1771-இல் லின்னேயஸ் இதை ஃபலாரிஸ் பேரினத்தில் வைத்தார், 1903-இல் நாஷ் வெட்டிவேரியாவுக்கு மாற்றினார், 1960-இல் ராபர்ட்டி கிரைசோபோகனுக்குக் கொண்டுபோனார், அப்புறம் 1999-இல் வெல்ட்காம்ப் வெட்டிவேரியா பேரினத்தையே மொத்தமாக அதற்குள் சேர்த்துவிட்டார்.

காரணம் பூங்கொத்தில் இருக்கிறது. கிரைசோபோகனில் ஒவ்வொரு கிளை நுனியிலும் பெரும்பாலும் மூன்றே சிறுகதிர்கள் (புல்லின் பூக்கள் இருக்கும் சிறு அலகுகள்), காம்பில்லாதது ஒன்று, காம்புள்ளவை இரண்டு. வெட்டிவேரியாவில் கிளை நீண்டு பல ஜோடிகள் இருக்கும். கேட்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சிற்றினங்களை எடுத்துப் பார்த்தால் கோடு எங்கே போடுவதென்றே தெரியாது. சேர்த்தாயிற்று என்றால் முந்திய பேருக்குத்தான் உரிமை. டிரினியஸ் கிரைசோபோகன் என்று வைத்தது 1820, போரி வெட்டிவேரியா என்று வைத்தது 1822. இரண்டே வருஷத்தில் நம் சொல் தோற்றது!

கோரைக்கிழங்கு:
எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கிரைசோபோகன் என்றால் கிரேக்கத்தில் தங்கத் தாடி, வெட்டிவேர் பூங்கொத்தோ ஊதா கலந்த நிறம். இன்னொன்று, ஸிஸனாய்டிஸ் என்றால் ஆற்றங்கரையில் வளர்வது என்று பலர் எழுதுகிறார்கள், தப்பு. ஸிஸனியா என்பது காட்டரிசிப் பேரினம், அதைப் போன்றது என்றுதான் பொருள்.

வேர்ப்பித்து:
நன்றி. ஆனால் என் தூரில் பூவே இல்லை, வேறு எதை வைத்து உறுதி செய்வது?

சிறுகதிர்:
வேரைத் தோண்டி முகர்ந்து பாருங்கள், அதைவிடப் பெரிய அடையாளம் எது? பக்கவாட்டில் ஓடாமல் நேராகக் கீழே இறங்கும், நெருக்கமான தூராக நிற்கும். ஆடையில் குத்தி ஒட்டிக்கொள்கிற கிரைசோபோகன் அசிகுலேட்டஸும் இப்போது இதே பேரினம்தான், ஆனால் அது தரையோடு படர்கிற புல், குழம்ப வாய்ப்பில்லை. ஷீட்டில் வேரையும் கொஞ்சம் சேர்த்து ஒட்டுங்கள். மேல் வகைப்பாடு கேட்டால் போயேசி குடும்பம், பானிகாய்டே துணைக்குடும்பம், ஆன்ட்ரோபோகோனே ட்ரைப் (துணைக்குடும்பத்துக்குக் கீழே உள்ள பிரிவு), கரும்பும் சோளமும் மக்காச்சோளமும் இருக்கிற அதே கூட்டம்.

கோரைக்கிழங்கு:
அந்த இணைப்பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள், எனக்காக.