உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு காட்சி: ‘நைட்மேர் ஆலி’, ‘பாய்ஹுட்’ பார்த்தவர்கள் எழுதுங்கள்

திருவல்லிக்கேணிக்காரன்:
கில்லர்மோ டெல் டோரோ 2021இல் எடுத்த ‘நைட்மேர் ஆலி’யின் கதை இங்குள்ள எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேரே கடைசிக் காட்சிக்கு வருகிறேன். கேளிக்கைக் கூடாரத்தில் தொடங்கி, மனதைப் படிப்பதாக ஊரை ஏமாற்றி உயர்ந்த ஸ்டான், எல்லாம் இழந்து கந்தலாக மறுபடி ஒரு கூடாரத்தில் வந்து நிற்கிறான். ஒரு வேலை இருக்கிறது, அதுவும் தற்காலிகம்தான் என்று அதன் முதலாளி சொல்கிறான். கோழியை உயிரோடு கடித்துக் காட்டும் வேலைக்குக் குடிகாரர்களை எப்படி வளைப்பது என்று, பழைய கூடாரக்காரனாக வரும் வில்லெம் டஃபோ முன்பு விளக்கிய அதே தந்திரம் அது. இதற்காகவே பிறந்தவன் நான் என்று சொல்லிவிட்டு, ஸ்டானாக நடிக்கும் பிராட்லி கூப்பர் சிரிக்கிறார், சிரிப்பு அப்படியே அழுகையாகிறது. என் பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவரும் அவரோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தார். அதில் கேலி இல்லை. திரையில் சிரிப்பு அழுகையான பிறகும் அவர் நிறுத்தவில்லை. விளக்கு போட்டதும் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. டைரோன் பவர் நடித்த 1947ஆம் ஆண்டுப் படத்தில் இந்த இடத்துக்குப் பிறகு அவன் மனைவி மோலி வந்து அவனைத் தாங்கிக்கொள்கிறாள். அந்த ஆறுதலை வெட்டியெறிந்ததற்காகவே மறுஆக்கம் உயர்ந்தது என்பேன்.

பெரம்பூர் ரயிலடி:
முடிவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை, ஐயா. பழைய படத்தைச் சிறிய அரங்கு ஒன்றில், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே பார்த்தேன். அதில் கோழி கடிபடுவதைக் காட்டவே மாட்டார்கள். தணிக்கை விதிகள் கடுமையாக இருந்த காலம் அது. இருட்டில் அந்த மனிதனின் ஓலம் மட்டும் கேட்கிறது. எனக்கு முன்னால் முறுக்குப் பொட்டலத்தைச் சரசரத்துக்கொண்டிருந்தவரின் கை அந்த ஓலத்தில் அப்படியே நின்றது. டெல் டோரோ ரத்தத்தையும் காட்டுகிறார், மனநல மருத்துவராக வரும் கேட் பிளான்செட்டின் அறையையும் நகைக்கடைபோல் பளபளக்க வைக்கிறார், எனக்குப் பயம் மட்டும் வரவில்லை. 111 நிமிடத்தில் முடிந்த கதைக்கு 150 நிமிடம் எதற்கு?

வேளச்சேரி மகன்:
நான் ‘பாய்ஹுட்’ பற்றி எழுதுகிறேன். வேலைக்காக பெங்களூரு கிளம்புவதற்கு முந்தைய இரவு, வீட்டில் மடிக்கணினியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே சிறுவனை வைத்து ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 2002 முதல் 2013 வரை எடுத்த படம் என்பதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆண்டு மாறியதைச் சொல்லும் எழுத்து எதுவும் திரையில் வராது. முடியும் குரலும்தான் மாறும். கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்த அம்மா, “இது அதே பையன்தானேடா, நிஜமாவே வளந்துட்டானா?” என்று கேட்டார். கல்லூரிக்குக் கிளம்பும் மகன் முன்னால், வாழ்க்கையில் இன்னும் ஏதோ இருக்கும் என்று நினைத்தேனே என பாட்ரீசியா அர்க்கெட் உடையும் காட்சி வந்தபோது, ஆங்கிலம் தெரியாத அம்மா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பெட்டியில் ஊறுகாய் பாட்டில் வைத்தாயிற்றா என்று கேட்டார். நான் இல்லை என்றேன்.

மயிலை மூத்தவன்:
‘பாய்ஹுட்’ பார்க்கும்போது பாதியில் தூங்கிவிட்டேன். என் அனுபவம் அவ்வளவுதான். தம்பி வேளச்சேரிக்குச் சில யோசனைகள் சொல்லலாம். இப்படிப்பட்ட படத்தை அம்மாவுடன் மடிக்கணினியில் பார்க்கக்கூடாது, பெரிய திரையில், வசனத்துக்குத் தமிழில் விளக்கம் சொல்லிக்கொண்டே பார்க்கவேண்டும். அதற்கும் முன்னால் அவருக்குக் ‘கூழாங்கல்’ காட்டுங்கள். அப்பனும் மகனும் வெயிலில் நடப்பதே படம், 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது, சுருக்கமானதும்கூட. மறுஆக்கம் பற்றி அடித்துக்கொள்பவர்கள் முதலில் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ பாருங்கள். 1954இலேயே பாட்டு ஒன்றுகூட இல்லாமல், 1943இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த நாளை வைத்துக் கொலைக்கதை சொன்ன ஊர் இது. திருவல்லிக்கேணியாரே, அந்தப் பெரியவர் பழைய படத்தைப் பார்த்தவராக இருக்கலாம், மோலி வருவாள் என்று காத்திருந்து ஏமாந்து சிரித்திருப்பார். கடைசியாக, ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள், பேருந்தில் கசியும்.

வேளச்சேரி மகன்:
ஐயா, ‘அந்த நாள்’ முழுவதும் அம்மாவுக்கு மனப்பாடம். கொலை செய்தது யார் என்பதை எனக்குச் சிறு வயதிலேயே சொல்லிப் படத்தைக் கெடுத்தவரே அவர்தான். ஊறுகாய் கசிந்தது உண்மை.