வெள்ளிக்கிழமை மட்டும் தானாக ஓடிய கீசர்: கையசைத்து வீட்டை இயக்கப் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோத்தகிரியிலிருந்து நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் இருந்தது குரலுக்கு வேலை செய்யும் பெட்டி. ஐப்பசி மழை பிடித்தால் எங்காவது ஒரு மரம் கேபிள் மேல் சாயும், இன்டர்நெட் போகும், அப்புறம் அந்தப் பெட்டியிடம் தொண்டை கிழியக் கத்தினாலும் பிரயோஜனமில்லை. அதனால் ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியில், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டெண்ட் என்ற மென்பொருளைப் போட்டு, யுபிஎஸ்ஸில் மாட்டி, எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கும்படி மாற்றினேன். காலையில் விறைத்த கையோடு, அதுவும் மாவு அப்பிய கையோடு, சுவிட்சைத் தொடுவது அம்மாவுக்குப் பிடிக்காது. சரி, தொடவே வேண்டாம் என்று கையசைவைப் புரிந்துகொள்ளும் பிஏஜே 7620 சைகை சென்சார் ஒன்றை இஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை சர்க்யூட் பலகையில் இணைத்து சமையலறைச் சுவரில் பொருத்தினேன்.

அது மேல், கீழ், இடம், வலம், முன்னே, பின்னே, வலச்சுற்று, இடச்சுற்று, கையாட்டல் என்று 9 சைகைகளைப் புரிந்துகொள்ளும். ஒன்பது இருக்கிறதே என்று ஒன்பதுக்கும் ஒவ்வொரு வேலை கொடுத்தேன் பாருங்கள், தப்பு அங்கேதான். முதல் நாளே லைட் எரிந்து உடனே அணைந்தது. கையை வலப்பக்கம் வீசினால் எரியும், வீசிய கை திரும்பி வருகிறதல்லவா, அதை இடப்பக்கச் சைகை என்று எடுத்துக்கொண்டு அணைத்துவிடும். ஒரு சைகை வந்ததும் அடுத்த 1 விநாடிக்கு எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று எழுதியதும் சரியானது. பலகையைப் படுக்கவைத்து ஒட்டியதால் 'மேல்' என்பது 'வலம்' ஆகியிருந்தது, அதற்காகத் திருகைக் கழற்ற வேண்டாம், நிரலில் பெயரை மாற்றினால் போதும். தூசு விழக்கூடாது என்று முன்னால் ஒரு அக்ரிலிக் துண்டு வைத்தேன், மஞ்சு இறங்கிய நாளில் அதில் நீர் கோத்து சென்சார் குருடானது. சென்சார் அனுப்பும் அகச்சிவப்பு ஒளி கையில் பட்டுத் திரும்பினால்தானே அதற்குக் கண், இங்கே அது மூடியிலேயே பட்டுத் திரும்பிவிட்டது. மூடியைப் பிடுங்கி எறிந்தேன்.

இதெல்லாம் சின்ன விஷயம். கீசர்தான் ஆட்டிவைத்தது. குழாயைத் திருகுவது போல இருக்கட்டும் என்று வலச்சுற்றுக்குக் கீசரைக் கொடுத்திருந்தேன். சில நாட்கள் யாருமே கேட்காமல் கீசர் ஓடியிருக்கும், ஆளுக்கு ஆள் நீதான் போட்டாய் என்று சண்டை. கீசருக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் ரிலே என்ற மின்சுவிட்சை மாற்றினேன். எலக்ட்ரீஷியன் வந்து லோ வோல்டேஜ் என்று சொல்லிவிட்டு டீயும் வர்க்கியும் சாப்பிட்டுப் போனார். கடைசியில் பதிவுகளை எடுத்துப் பார்த்தால் எல்லாமே வெள்ளிக்கிழமை, காலை ஆறேகாலை ஒட்டி. அடுத்த வெள்ளி விடியலில் மங்கி குல்லாவோடு சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். சென்சாருக்குப் பக்கத்திலேயே சாமி படங்கள். அம்மா சூடம் ஏற்றினார், பித்தளைத் தட்டு சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வலமாகச் சுற்றி வந்தது, மூன்றாவது சுற்றில் ரிலே 'டக்' என்றது. திரும்பிப் பார்த்து, "என்னடா, சாமி கும்பிட்டா வெந்நி காயுது?" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கீசரை அன்றைக்கே சைகையிலிருந்து எடுத்துவிட்டேன். இன்னொன்று, 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், 10 ஆம்பியர் என்று எழுதிய அந்தச் சின்ன நீல ரிலேயை நம்பி அதை ஓட்டாதீர்கள். நான் ஓட்டினேன், கை வைத்துப் பார்த்தபோது கொதித்தது.

குன்னூரிலிருந்து ஒருவர்:
நாங்கள் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறோம். நான் கேமரா வழியில் போனேன், கூகுளின் மீடியாபைப் என்ற மென்பொருள், கேமராப் படத்தில் கையின் 21 புள்ளிகளைக் கண்டுபிடிக்குமே, அது. பகலில் பிரமாதம். கட்டைவிரலைத் தூக்கினால் விளக்கு, உள்ளங்கையைக் காட்டினால் பாட்டு நிற்கும். ராத்திரி மங்கிய வெளிச்சத்தில், கம்பளிக் கையுறை போட்ட விருந்தாளிகளிடம் அது திணறியது. அது கூடப் பரவாயில்லை. ஹாலில் கேமரா எதற்கு என்று ஒரு குடும்பம் கேட்டது, படம் எதுவும் சேமிப்பதில்லை என்று எவ்வளவு சொன்னாலும் அந்த அக்கா அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் உட்கார்ந்தார். நியாயம்தானே. அவர்கள் கிளம்பியதும் கழற்றிவிட்டேன்.

ஊட்டியிலிருந்து இன்னொருவர்:
அண்ணா, நான் சைகையே வேண்டாம், ஆள் வந்தால் போதும் என்று எல்டி 2410 ரேடார் மாட்டினேன். 24 கிகாஹெர்ட்ஸ், இருளோ பனியோ அதற்குக் கணக்கில்லை. ஆனால் எங்களுடையது பலகைத் தடுப்பு வீடு, பலகைக்கு அந்தப் பக்கம் நடப்பதும் இதற்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு வராந்தா லைட் எரிகிறது, யாரோ வந்துவிட்டார்கள் என்று கதவைத் திறந்தால் பலகையை ஒட்டி நின்று காட்டெருமை ஒன்று கேரட் தழையை மென்றுகொண்டிருக்கிறது! கதவை எப்படிச் சாத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. அதில் தூரத்தை 0.75 மீட்டர் கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள், தூரக் கட்டங்களின் உணர்திறனைக் குறைத்துவிட்டு இப்போது முதல் மூன்றை மட்டும் வைத்திருக்கிறேன். காட்டெருமை வருகிறதா இல்லையா தெரியாது, லைட் எரிவதில்லை.

கோத்தகிரி, மறுபடியும் நான்:
காட்டெருமைக்கு என் பூஜைத் தட்டு எவ்வளவோ தேவலை தம்பி. ஒன்பதில் இப்போது மிச்சம் இரண்டுதான், வலம் போனால் லைட், மேலே போனால் புகைபோக்கி விசிறி. அம்மா கையைக் கூட அசைப்பதில்லை, எவர்சில்வர் தோசைக் கரண்டியை அதன் முன்னால் ஒரு வீசு வீசுகிறார், கையைவிட அதற்குத்தான் சீக்கிரம் எரிகிறது.