சக்கர வீட்டுக்கு மின் பாதுகாப்பு மாற்றிய அனுபவங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து:

மழை பெய்த மறுநாள் காலையில் கதவுப் பிடியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று ஓர் ஆயா சொன்னால், வயசான பேச்சு என்று யாரும் தள்ளிவிடாதீர்கள். சாட்ஸ்வர்த் வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, ஸ்காட்பர்க் பக்கம் ஒரு காரவான் பார்க்கில், சக்கரம் வைத்த மொபைல் வீட்டில் இருக்கிறார் அவர். தினமும் விடியற்காலையில் வெறுங்காலோடு நின்று வாசலில் தண்ணீர் தெளிப்பார். வெளிச்சுவர் முழுக்க அலுமினியத் தகடு, அடியில் இரும்புச் சட்டம், டயருக்குப் பக்கத்தில் செங்கல் முட்டு.

நான் பதிவு பெற்ற ஒரு எலக்ட்ரிஷியனிடம் வேலை பார்க்கிறேன். ஈர மண்ணில் ஒரு கம்பியைக் குத்தி, அதற்கும் தகட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தோம். 60 வோல்ட்டைத் தாண்டியது. ஈரக் காலோடு தொடுகிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

"பட்டனை அமுக்கினா டப்புன்னு விழுதே தம்பி, அப்புறம் என்ன கோளாறு?" என்று கேட்டார் ஆயா. கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை அறுக்கிற எர்த் லீக்கேஜ் சுவிட்சின் டெஸ்ட் பட்டனைத்தான் சொல்கிறார். நியாயமான கேள்வி. பார்க்கில் பாதிப் பேர் இதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். டெஸ்ட் பட்டன், சுவிட்சுக்குள்ளேயே ஒரு சின்னக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. எர்த் ஒயர் அறுந்து கிடந்தாலும் பட்டனுக்கு அது விழத்தான் செய்யும்.

வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற கம்பத்துப் பெட்டியைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. இந்த வீட்டுக்கு எர்த், கேபிளின் இரும்புக் கவசம் வழியாகத்தான் போகிறது. கடல் காற்றில், கேபிள் முனையைப் பெட்டியோடு பிடித்து வைக்கிற கிளாண்ட் துருவேறி, விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. கவசக் கம்பிகள் எதிலும் ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே கீசர் எலிமென்ட் விரிசல் விட்டுக் கசிகிறது. எர்த் லீக்கேஜ் சுவிட்ச் போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று மட்டும்தான் பார்க்கும். டயரும் காய்ந்த செங்கல்லும் தாங்கி நிற்கிற வீட்டில் கசிவு மண்ணுக்குப் போக வழியில்லை, அதனால் கணக்கில் எதுவும் குறையாது. தகடு முழுக்கக் கரண்ட் ஏறிக் காத்திருக்கும். ஆயா கை வைத்தால் அவர் உடம்புதான் வழி.

அதுவும் நாலு வீட்டுக்குப் பொதுவாக ஒரே எர்த் லீக்கேஜ். எந்த வீட்டில் கசிந்தாலும் நாலும் இருட்டாகும், அந்தத் தொல்லை தாங்காமல் யாராவது அதை பைபாஸ் செய்துவிடுவார்கள். நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்கும்.

கீசர் எலிமென்ட்டை மாற்றினோம். கம்பத்தில் இந்த வீட்டுக்கென்று தனி 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜும், பூட்டுப் போடக்கூடிய டபுள் போல் ஐசொலேட்டரும் வந்தன. கரண்ட் வருகிற லைவ், திரும்பிப் போகிற நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அறுக்கிற ஐசொலேட்டர்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மொபைல் வீட்டுக்கு பிளக் வழியாகக் கரண்ட் வரும்போது எங்கோ ஓர் எக்ஸ்டென்ஷனில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருந்தால், அதற்கு அப்பால் இருக்கிற ஒற்றை போல் சுவிட்ச் நியூட்ரலை மட்டும் அறுக்கும். விளக்கு அணையும், ஆனால் உள்ளே எல்லா ஒயரிலும் 230 வோல்ட் நிற்கும். அதனால் வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிபி போர்டின் மெயினையும் டபுள் போலாக மாற்றினோம். புதுக் கேபிளில் எர்த்துக்குத் தனிச் செம்பு ஒயர். இரும்புச் சட்டம், தகடு, தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய் எல்லாவற்றையும் அந்த எர்த்தோடு பிணைத்து, ஒவ்வொன்றுக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று அளந்தோம். அதற்குப் பிறகுதான் எங்கள் எலக்ட்ரிஷியன், ஒயரிங் விதிப்படி இருக்கிறது என்கிற சிஓசி சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

மனிதரைக் காக்கும் அளவுக்கு நுட்பமான எர்த் லீக்கேஜ் இந்த நாட்டில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஹென்றி ரூபின் என்ற எஞ்சினியர் 1955-ல் தங்கச் சுரங்கங்களுக்காக 250 மில்லி ஆம்பியரில் விழுகிற ஒன்றைச் செய்தார். மறு வருஷமே அதைவிடப் பல மடங்கு நுட்பமான ஒன்று வந்தது. ஸ்டில்ஃபொன்டெய்ன் சுரங்கக் குடியிருப்பில் ஒரு பெண் ஷாக் அடித்து இறந்த பிறகு, 1957, 1958-ல் அங்கே வீடுகளில் 20 மில்லி ஆம்பியர் கருவிகளை மாட்டினார்கள். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு கிழவி கதவைத் தொட பயப்படுகிறார் என்றால் மனசு ஆறவில்லை.

லெனேசியாவிலிருந்து:

டர்பன் அண்ணா சொன்னதோடு இன்வெர்ட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது என் மச்சான் தன் மொபைல் வீட்டுக்கு ஒன்று வாங்கி மாட்டினார். மின்சாரம் இருக்கும்போது டெஸ்டரால் சோதித்தால் எர்த் லீக்கேஜ் சரியாக விழுந்தது. பேட்டரிக்கு மாறியதும் அதே சோதனைக்கு அசையவே இல்லை. காரணம், இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது அதன் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதந்துகொண்டிருந்தது. முதல் கசிவு எர்த் வழியாகத் திரும்பி வர வழியில்லை, சுவிட்ச் எதைப் பார்த்து விழும்?

வந்த எலக்ட்ரிஷியன், தானாக மாறிக்கொள்கிற சுவிட்சான ஒரு ரிலே வைத்தார். பேட்டரியில் ஓடும்போது மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கும், லைன் வந்ததும் பிரிக்கும். நிரந்தரமாகச் சேர்த்துவிட்டால் லைன் வந்ததும் எர்த் லீக்கேஜ் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும் என்றார். லைனிலிருந்து இன்வெர்ட்டருக்கு மாறும் சுவிட்சும் இரண்டு ஒயரையும் மாற்றுகிற வகை. கம்பத்தில் மெயினை இறக்கினாலும் உள்ளே கரண்ட் இருக்கும் என்பதால், பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார். பழுது பார்க்க வருகிறவர் உயிரும் உயிர்தானே.

டோங்காட்டிலிருந்து:

எங்கள் பக்கம் கேபிள் திருட்டு. ஓர் இரவில் பார்க்குக்கு வரும் நியூட்ரலை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று ஃபேஸில் பிரித்துக் கொடுத்திருந்ததால் சில வீடுகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 300-க்கு மேல் ஏறியது, பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜும் டிவியும் கருகின. எர்த் லீக்கேஜ் எதுவும் விழவில்லை, இது கசிவே இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாக வருகிற இடத்தில் அது அறுந்தால் எர்த் வழியாகவே வீட்டுத் தகட்டில் கரண்ட் ஏறும். எர்த் லீக்கேஜ் சுவிட்ச் எர்த் ஒயரை அறுப்பதில்லை. பிரிட்டனில் இதற்காகவே காரவானுக்கு அப்படிப்பட்ட எர்த்தைக் கொடுக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள், அங்கே மண்ணில் தனி எர்த் ராடு (கம்பி) அடிப்பார்கள். எங்கள் எலக்ட்ரிஷியனிடம் நான் முதலில் கேட்டது, நமக்கு வருகிற எர்த் எந்த வகை என்றுதான். பார்த்துவிட்டு, வோல்டேஜ் ஏறினாலோ இறங்கினாலோ லைனை அறுக்கிற ரிலேயை எங்கள் வீட்டில் மாட்டினார். ராடு அடிக்கலாமா என்று முடிவு செய்ய மண்ணின் ரெசிஸ்டன்ஸை அளக்க வேண்டும் என்கிறார். அடுத்த வாரம் மீட்டரோடு வருகிறார், மற்ற வீட்டுக்காரர்களையும் அன்றைக்கு இருக்கச் சொல்லியிருக்கிறேன்.