‘தரவு நிறைவு’ பொருந்துமா?

அன்புடையீர்,

ஒரு வினாவையும் இரு கூற்றுகளையும் தந்து, விடை காண அக்கூற்றுகள் போதுமா என்று மட்டும் கேட்கும் டேட்டா சஃபிஷியன்சி என்னும் கணக்கு வகைக்குத் ‘தரவு நிறைவு’ என்று பெயரிடலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. நிறைவு என்றால் குறையேதுமின்றி எல்லாம் இருத்தல். இக்கணக்குகளோ, பலவும் தெரியாத நிலையிலேயே வினாவுக்கு உறுதியான விடை சொல்ல முடியுமா என்றுதான் சோதிக்கின்றன.

ஒரு சராசரிக் கணக்கைப் பார்ப்போம். தேர்வெழுதிய இரு குழுக்களில் முதற்குழுவின் சராசரி மதிப்பெண் 60, இரண்டாம் குழுவின் சராசரி 75. அனைவருக்குமான சராசரி என்ன? கூற்று 1: தேர்வெழுதியோர் மொத்தம் 45 பேர். கூற்று 2: முதற்குழுவினர் இரண்டாம் குழுவினரைப் போல் இரு மடங்கினர். எண்ணிக்கையையே கையில் கொடுப்பதால் முதற்கூற்றின் பக்கம்தான் மனம் சாயும். ஆனால் அந்த 45 பேர் இரு குழுக்களிலும் எப்படிப் பிரிந்திருக்கின்றனர் என்று தெரியாதவரை அதனால் பயனில்லை. இரண்டாம் கூற்று விகிதத்தை மட்டுமே சொல்கிறது. 60-ஐ இரு முறையும் 75-ஐ ஒரு முறையும் கூட்டி 3-ஆல் வகுத்தால் 65 வந்துவிடுகிறது. மொத்தம் எத்தனை பேர் என்பது அக்கூற்றிலிருந்து தெரியவே தெரியாது. தரவு நிறையவில்லை, ஆனால் விடைக்கு அது போதும். தவிரவும், ‘நிறையிட்ட சராசரி’ (மேலே கண்டதுபோல் ஒவ்வொரு மதிப்புக்கும் அதன் பங்குக்கேற்ற எடை தந்து காணும் சராசரி) புழங்கும் அதே பாடத்தில் வேறு பொருளில் ‘நிறைவு’ம் வந்தால் மாணவர் குழம்புவர்.

இவ்வகைக்கு மற்றொரு பெயராகக் கருதத்தக்க ‘தீர்வுத் தகைமை’ கேட்க இனிமையாக இருந்தாலும், கணக்கை இறுதிவரை போட்டு முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை அது தந்துவிடும். 20 விழுக்காட்டு அமிலக் கரைசலையும் 50 விழுக்காட்டுக் கரைசலையும் கலந்தால் செறிவு 35 விழுக்காட்டைத் தாண்டுமா என்பது வினா, 20 விழுக்காட்டுக் கரைசலின் கன அளவே அதிகம் என்பது கூற்று எனக் கொள்வோம். சம அளவில் கலந்தாலே 35தான் வரும் என்பதால், தாண்டாது என்று உடனே சொல்லிவிடலாம். சரியான செறிவைக் காண வழியும் இல்லை, தேவையும் இல்லை. ‘இல்லை’ என்பதும் உறுதியான விடையே என்பதை மறந்து, விடை ‘இல்லை’ என்று வந்ததாலேயே கூற்று போதாது என்று குறித்துவிடும் மாணவர்களை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன்.

ஆகவே ‘தரவுப் போதுமை’ என்பதே என் பரிந்துரை. ‘தேவையான மற்றும் போதுமான நிபந்தனை’ கணிதத் தமிழில் முன்பே வேரூன்றியிருக்கிறது. எதிர்ச்சொல்லாகப் ‘போதாமை’யும் ஆயத்தமாக இருக்கிறது. விடைத் தெரிவுகள் ஐந்தையும் இதே வேர்ச்சொல்லால் தடையின்றி எழுதலாம்: முதற்கூற்று மட்டும் போதும், இரண்டாம் கூற்று மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், ஒவ்வொன்றும் தனியே போதும், இரண்டும் சேர்ந்தாலும் போதா. ‘நிறைவு’ என்பதை வைத்து இந்த ஐந்தையும் எழுதிப் பார்க்குமாறு அச்சொல்லைப் பரிந்துரைத்த நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன்.