மறு: 'ரெப்பாசிட்டரியிலிருந்து பேக்கேஜ் பில்ட் செய்தல்' – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் வழங்கலான டெபியனின் கையேட்டைத் தமிழாக்குவது பற்றிய இந்த இழையை மூன்று நாளாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ரெப்பாசிட்டரி என்பது மென்பொருளைச் சேர்த்து வைக்கும் இடம், பேக்கேஜ் என்பது நிறுவத் தயாராக மூடிய மென்பொருள், நிரலிலிருந்து அதைச் செய்து முடிப்பது பில்ட். நேற்று வந்த ஒரு மடல் என்னை எழுத வைத்துவிட்டது.

> டெபியன் கையேட்டில் 'களஞ்சியத்திலிருந்து தொகுப்பைத் தொகுத்தல்' என்றே போட்டுவிடலாம். படிப்பவருக்குப் புரியும்.

புரியாது ஐயா, பட்டவன் சொல்கிறேன். முன்பொரு முறை நிறுவல் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கியபோது 'தொகுப்பைத் தொகுத்த பின் நிறுவுக' என்று எழுதித் தொலைத்தேன். அதைப் படித்த மாணவி ஒருவர் டெப் கோப்பை (டெபியன் பேக்கேஜ் இந்த வடிவில்தான் வரும்) உரைதிருத்தியில் திறந்து வைத்துக்கொண்டு, "இதில் எந்த வரியைத் திருத்த வேண்டும்?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் 'தொகு' என்றால் திருத்துவது. கணினிப் பாடத்தில் தொகுப்பி என்றால் கம்பைலர், நிரலை எந்திரமொழிக்கு மாற்றுவது. கவிதைத் தொகுப்பு, தொகுப்பு வீடு, தொகுப்பூதியம் எல்லாம் தனி. போதாததற்கு பேக்கேஜையும் அதன் தலையில் ஏற்றினோம்.

சொல்லைத் தேடும் முன் செயலைப் பார்ப்போம். நிரலில் நடந்த மாற்றங்களை வரலாற்றோடு வைத்திருக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி கிட். அதில் உள்ள நிரலிலிருந்து டெபியன் பேக்கேஜ் செய்யும் கிட்-பில்ட்பேக்கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டுக்கு முந்தைய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளான சிவிஎஸ்ஸுக்கும் சப்வெர்ஷனுக்கும் இருந்த இதே மாதிரிக் கருவிகளின் தம்பி அது. கட்டளையைக் கொடுத்ததும் முதலில் நீங்கள் சரியான கிளையில் நிற்கிறீர்களா, பதியாத மாற்றம் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கும். கிடந்தால் வேலையைத் தொடங்கவே தொடங்காது. அப்புறம் மூல ஆசிரியர் வெளியிட்ட நிலைக்கான டேக்கிலிருந்து (அந்த நிலைக்குப் போட்ட பெயர்க்குறி) டார் கோப்பை, அதாவது மூல நிரல் முழுவதையும் ஒன்றாக மூடிய கோப்பை, தானே உருவாக்கும், அல்லது பிரிஸ்டைன்-டார் கிளையில் உள்ள குறிப்பைக் கொண்டு பழைய டார் கோப்பை எழுத்து பிசகாமல் மீட்டெடுக்கும். அதன் பிறகுதான் பேக்கேஜைச் செய்து முடிக்கும் டெபில்ட் என்ற கட்டளையை அழைக்கும். நிரல் கம்பைல் ஆவது, சோதனைகள் ஓடுவது, கோப்புகள் ஒரு தற்காலிக அடைவில் அடுக்கப்படுவது, கடைசியில் டெப் கோப்பாக மூடப்படுவது எல்லாம் அங்கே.

இதில் கம்பைல் ஒரு படி மட்டுமே. வெறும் ஆவணங்களும் பின்னணிப் படங்களும் உள்ள பேக்கேஜில் அந்தப் படிகூட இல்லை, ஆனாலும் அதை பில்ட் செய்துதான் ஆக வேண்டும். எனவே பில்டுக்குத் 'தொகு' பொருந்தாது. 'உருவாக்கு' என்று சிலர் எழுதினார்கள். அது புதுக் கோப்பை உருவாக்கு, கணக்கை உருவாக்கு என்று ஏற்கெனவே ஓடாய்த் தேய்ந்த சொல்.

என் வாக்கு 'கட்டு' என்பதற்கு. வீடும் கட்டுகிறோம், மூட்டையும் கட்டுகிறோம். ஆங்கிலத்தில் பில்ட் ஒரு வினை, பேக் இன்னொரு வினை. தமிழில் இரண்டும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. டெபில்ட் செய்வதும் அந்த இரண்டையும் சேர்த்துத்தானே? செங்கல்லாக அடுக்கிக் கடைசியில் கயிறு போட்டு இறுக்குகிறது.

> கட்டற்ற மென்பொருளைக் கட்டுவதா? :-)

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கட்டு தளை, இந்தக் கட்டு வேலை. 'பதிப்புக் கட்டுப்பாடு' என்பதிலும் கட்டு இருக்கிறது, அங்கே யாரும் குழம்பவில்லை.

பெயர்ச்சொல்லுக்கு வருகிறேன். நான் 'சிப்பம்' என்பேன். அரிசிக் கடையில் 25 கிலோ சிப்பம் என்று இன்றும் எழுதித் தொங்குகிறது. வேளாண் குறிப்புகளில் 'சிப்பம் கட்டுதல்' என்றே வருகிறது. வினையும் பெயரும் சேர்ந்தே புழங்குவதால் நாம் புதிதாக எதையும் ஒட்டவைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் நண்பர் 'பொதி' வேண்டும் என்கிறார். அவர் ஊரில் உலர் உணவுப் பொதி என்பது அன்றாடச் சொல். எங்கள் பக்கம் பொதி என்றால் கழுதைதான் முதலில் நினைவுக்கு வரும், அது எங்கள் குறை. இரண்டும் இருக்கட்டும் என்பேன். சிப்பத்தையும் கட்டலாம், பொதியையும் கட்டலாம். வினை ஒன்றாக இருந்தால் சண்டை பாதி தீர்ந்தது.

ரெப்பாசிட்டரியில்தான் நாம் ஆங்கிலத்தின் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்கிறோம். கிட்டில் வரலாற்றோடு நிரல் இருக்கும் இடமும் ரெப்பாசிட்டரி, டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் போய் டெப் கோப்புகளை எடுத்துவரும் இடமும் ரெப்பாசிட்டரி. தமிழிலும் இரண்டையும் களஞ்சியம் என்றால் 'களஞ்சியத்திலிருந்து நிறுவு' என்பதற்கும் 'களஞ்சியத்திலிருந்து கட்டு' என்பதற்கும் இடையில் புதியவர் தவிப்பார். கிட்டில் உள்ளதைக் களஞ்சியம் என்றும், ஆப்ட் போகும் இடத்தைக் கிடங்கு என்றும் பிரித்துவிடலாம். நெல் களஞ்சியத்தில், அரைத்துச் சிப்பம் கட்டிய அரிசி கிடங்கில். 'நெல்லுக்கு வரலாறு கிடையாதே, கிட்டின் உயிரே வரலாறுதானே' என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயம்தான், ஆனால் ரெப்பாசிட்டரி என்ற சொல்லிலும் வரலாறு இல்லையே.

இப்போது முக்கியமானது. 'களஞ்சியத்திலிருந்து' என்ற பகுதியை விட்டுவிட்டு வெறுமனே 'சிப்பம் கட்டல்' என்றால் போதாதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். 2024 மார்ச்சுக்கு முன் என்றால் நானும் போதும் என்றிருப்பேன். அந்த மாதம் 29ஆம் தேதி, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் உள்நுழைவு ஏன் அரை நொடி தாமதமாகிறது என்று குடைந்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (திருட்டு நுழைவழி) இருப்பதை வெளியில் சொன்னார். அதைக் கிளப்பிவிடும் எம்4 கோப்பு (பில்டுக்கான அமைப்புக் குறிப்பு) வெளியீட்டு டார் கோப்புக்குள் இருந்தது. கிட் களஞ்சியத்தில் அது இல்லை. சோதனைக் கோப்பு என்ற பெயரில் ஒளித்த நச்சு மட்டும் களஞ்சியத்திலும் கிடந்தது, தூண்டிவிட ஆளில்லாமல். இன்னொரு விஷமம், கட்டுவது டெபியன் சிப்பமா, ரெட் ஹாட் வகை லினக்ஸின் ஆர்பிஎம் சிப்பமா என்று அது பார்த்துக்கொண்டது; இரண்டும் இல்லையென்றால் சும்மா இருந்துவிடும். நம்மைப் போன்ற சிப்பம் கட்டுகிறவர்களுக்கென்றே வைத்த பொறி.

அதனால் எந்த வழியாகக் கட்டினோம் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். வான்வழி, செவிவழி போல 'களஞ்சியவழிக் கட்டல்', அதற்கு எதிராக 'மூட்டைவழிக் கட்டல்'. டார் கோப்பை ஆங்கிலத்தில் டார்பால் என்பார்கள், அதை மூட்டை என்கிறேன். தார் உருண்டை என்று முன்மொழிந்தவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். களஞ்சியவழி போனால் எல்லா ஆபத்தும் தீரும் என்று நான் சொல்லவில்லை, சோதனைக் கோப்பு கதையே அதற்குச் சாட்சி. ஆனால் களஞ்சியத்தில் யார் எப்போது எதைப் பதிந்தார் என்று திரும்பிப் பார்க்கலாம். மூட்டையில் அது முடியாது.

மென்பொருளை முதலில் எழுதி வெளியிடுபவரைக் குறிக்கும் அப்ஸ்ட்ரீமுக்கு 'மேலோடை' என்று வந்ததைப் பார்த்தேன். காவிரிப் பாசனத்தில் தலைமடை, கடைமடை என்ற சொற்கள் இருக்கும்போது ஓடையை ஏன் தேட வேண்டும்? எக்ஸ்இசட் ஆசிரியர்கள் தலைமடை, டெபியன் இடையில், டெபியனிலிருந்து எடுத்துக்கொள்ளும் உபுண்டு அதற்குக் கீழே. தலைமடையில் நஞ்சு கலந்தால் கடைமடைக்கு என்ன வரும் என்று டெல்டாக்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தண்ணீரே வராது என்று ஒருவர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது, அதற்கு வேறு இழை தொடங்குங்கள்.

கையேட்டில் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"இந்தச் சிப்பம் களஞ்சியவழி கட்டப்பட்டது. கட்டும் முன் பதியாத மாற்றங்கள் இல்லை என்பதை உறுதி செய்க. கட்டுத் தேவைகள் நிறைவேறாவிட்டால் கட்டல் நின்றுவிடும். முடிந்ததும் டெப் கோப்பு மேலடைவில் இருக்கும்."

வீட்டில் கணினிப் பக்கமே வராத அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஏதோ மண்டியிலே வேலை போல" என்றார். 'தொகுப்பைத் தொகுத்த பின்' என்பதை வாசித்துக் காட்டியபோது ஒன்றும் சொல்லவில்லை.

டேக்குக்கு இப்போதைக்குச் 'சீட்டு' என்று வைத்திருக்கிறேன். 'குறிச்சொல்' வலைப்பதிவுக்குப் போய்விட்டது. மாற்றத்தைக் களஞ்சியத்தில் சேர்க்கும் கமிட்டுக்கு 'பதிவு' போதும். ஆட்சேபம் இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். ஞாயிறு காலை மொழிபெயர்ப்புக் கோப்பைப் பதிந்துவிடுவேன். அதற்குப் பிறகு வருபவர்கள் ஒட்டு (பேட்ச், திருத்தக் கோப்பு) அனுப்பினால் போதும், மடல் வேண்டாம்.