புதுப்பிப்பு: சைபர்பங்க் 2077, 2.0-க்குப் பிறகு

போன இழையில் சைபர்பங்க் 2077 வீடியோ கேமின் 2020 வெளியீட்டைப் பற்றி, கதை அபாரம், ஆனால் நகரம் உயிரில்லாமல் கிடக்கிறது என்று எழுதியிருந்தேன். 2023-இல் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகும் அப்படித்தானா என்று கேட்டீர்கள், மறுபடி முழுசாக ஆடி முடித்துவிட்டேன். போலீஸ் இப்போது முதுகுக்குப் பின்னால் திடீரென்று முளைப்பதில்லை, காரில் துரத்தி வருகிறார்கள். கவசம் உடையிலிருந்து சைபர்வேருக்கு (உடம்புக்குள் பொருத்திக்கொள்ளும் கருவிகள்) மாறிவிட்டதால், பாதுகாப்புக்காகப் பொருந்தாத தொப்பியையும் ஷார்ட்ஸையும் மாட்டிக்கொண்டு உருக்கமான காட்சியில் நிற்க வேண்டியதில்லை, எனக்கு இதுதான் பெரிய நிம்மதி.

ஆனால் நோமாட், ஸ்ட்ரீட் கிட், கார்ப்போ என்று தொடக்கத்தில் நம் பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுக்கும் பின்புலம் இன்னும் சில வசனங்களோடு சரி. கதையில் நம் நண்பனாக வரும் ஜாக்கியோடு பழகும் மாதங்களை ஒரு சின்ன மான்டாஜில் (துண்டுக் காட்சிகளின் தொகுப்பில்) ஓட்டிவிடுகிறார்கள், அந்த நட்பு மனசில் ஒட்ட அங்கேதான் நேரம் வேண்டும். அப்புறம், பழைய கேம் கன்சோல்களான பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 2.0 கிடையாது, அவற்றில் வாங்காதீர்கள்.